பெய்லிஸ் என்கிற கிரீம் மது திரிந்துபோய்ப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

வேளச்சேரிவாசி:
மாமா துபாயிலிருந்து வாங்கி வந்த பெய்லிஸ். நல்ல நாளில் திறக்கலாம் என்று அத்தை சமையலறைப் பரணில் ஏற்றிவிட்டார். ரெண்டு கத்திரி வெயிலை அது அங்கேயே பார்த்துவிட்டது. போன வாரம் தம்பிக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் திறந்தார்கள். சாய்த்தால் ஒன்றும் வரவில்லை. கழுத்தில் அடைத்து நின்று, அப்புறம் தொபுக்கென்று ஒரு கட்டி டம்ளரில் விழுந்தது. பின்னாலேயே பழுப்புத் தண்ணீர். புளித்த வாடை. "சரக்கு கெட்டுப்போகுமாடா? குலுக்கினா சரியாயிடும்" என்று மாமா ஒரு வாய் குடித்தே விட்டார். உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அத்தனை பேர் தடுத்தும் கேட்காமல் குடித்தது இன்னும் உறுத்துகிறது.

பெரம்பூர்_ரயிலடி:
மாமா சொன்னதில் என்ன தப்பு? என் க்வாந்த்ரோ என்கிற ஆரஞ்சு மது பல வருஷமாக அலமாரியில் நிற்கிறது. பொங்கலுக்குத் திறந்தபோதும் அதே ஆரஞ்சு வாசனை.

அடையாறு_வாசகி:
பெரம்பூர் அண்ணா, ரெண்டும் ஒன்றில்லை. க்வாந்த்ரோவில் ஆல்கஹால் 40 சதவீதம், பால் துளியும் கிடையாது. பெய்லிஸில் 17தான், உள்ளே நிஜமான பால் கிரீம். 0 முதல் 25 டிகிரிக்குள் வைத்தால், திறந்தாலும் திறக்காவிட்டாலும், தயாரித்ததிலிருந்து 2 வருஷம் சுவை நிற்கும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. மே மாதம் நம் பரணில் 25 டிகிரிக்கு எங்கே போவது?

தோழி வீட்டில் ஒருமுறை புது பாட்டிலே டம்ளரில் திரிந்தது. அவள் அதில் எலுமிச்சை பிழிந்திருந்தாள். புளிப்பு பட்டால் எந்தக் கிரீமும் திரியும், அது கெட்டதற்கு அடையாளம் இல்லை. அதனால் எதுவும் கலக்காமல், கொஞ்சம் கண்ணாடி டம்ளரில் ஊற்றி முதலில் மோந்து பாருங்கள். புளித்த வாடை வந்தாலோ, குலுக்கியும் கட்டி கரையாவிட்டாலோ, கொட்டிவிடுங்கள், நாக்கில் வைக்க வேண்டாம். அட்வகாட் என்கிற முட்டை சேர்த்த மதுவுக்கும் இதே கவனம் தேவை. திறந்ததை ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். ஃப்ரீஸர் வேண்டாம், கிரீமின் பதம் போய்விடும். பாட்டிலில் அச்சடித்த தேதியை வாங்கும்போதே பாருங்கள். விசேஷத்துக்கென்று எடுத்து வைக்காமல் சீக்கிரம் தீர்ப்பதுதான் நல்லது.

திருவான்மியூர்_அலை:
எங்கள் வீட்டில் நேர்மாறு. கலுவா என்கிற காபி மதுவின் மூடி இறுகிப்போய், இடுக்கி போட்டுத்தான் திறந்தோம். மரையெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. பூஞ்சை என்று அம்மா முழுவதையும் சிங்க்கில் கவிழ்த்துவிட்டார். ஒரு துணுக்கைச் சுரண்டி விரலில் நசுக்கினேன்: நறநறவென்று கற்கண்டுத் தூள். வழிந்த சர்க்கரைதான் காய்ந்து உறைந்திருக்கிறது. வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்தால் போயிருக்கும். முக்கால் பாட்டில்! சொன்னால் அம்மா இன்றும் நம்புவதில்லை.

பெரம்பூர்_ரயிலடி:
சரி, கிரீம் வகையை விடுங்கள். இதைப் படித்துவிட்டு க்வாந்த்ரோவையும் ஃபிரிட்ஜில் திணிக்காதீர்கள். வெயில் படாத அலமாரியும் இறுக்கமான மூடியும் இருந்தால் அதற்குப் போதும். அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.