மெக்சிகோவில் ஆளுங்கட்சியை ஏன் கவிழ்க்கிறார்கள்? நேரில் கேட்ட கதைகள்

கடைசி பெஞ்ச் (குவாதலஹாரா):

வெளிநாட்டுக்காரர்கள் மெக்சிகோ அரசியலில் தலையிடக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 33-வது பிரிவு சொல்கிறது. காது கொடுத்துக் கேட்பதற்குத் தடையில்லை. இங்கே வேலைக்கு வந்திருக்கும் நம் ஆட்கள் டாக்சியிலும் கேன்டீனிலும் நிறையக் கேட்டிருப்பீர்கள். பகிருங்கள். நான் ஆரம்பிக்கிறேன்.

எங்கள் வீட்டுக்கார அம்மா இந்த ஊரின் அனால்கோ பகுதிக்காரர். 1992 ஏப்ரலில் அங்கே பாதாளச் சாக்கடைக்குள் பெட்ரோல் கசிந்து தேங்கிவிட்டது. சில நாட்களாகவே வாடை தாங்கவில்லை என்று ஜனங்கள் புகார் செய்தார்கள். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், போனார்கள். யாரையும் வெளியேற்றவில்லை. 22-ஆம் தேதி காலையில் தெருத்தெருவாக வெடித்தது. இறந்தவர்கள் 200-க்குக் கொஞ்சம் மேல் என்பது அரசுக் கணக்கு. அந்த அம்மா இன்றுவரை அதை நம்பவில்லை.

"அப்போதே ஆளுங்கட்சிக்கு எதிராகத் திரும்பிவிட்டீர்களா?" என்று கேட்டேன். இல்லையாம். கோபம் வயிறு நிறைய இருந்தது, ஆனால் ஓட்டுப் போட்டு என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு. 1988 ஜனாதிபதி தேர்தலில் எதிர்க்கட்சி வேட்பாளர் கார்தெனாஸ் முன்னணியில் வரும்போது ஓட்டு எண்ணும் கணினி "விழுந்துவிட்டது" என்றார்கள். மறுபடி எழுந்தபோது ஆளுங்கட்சியான பி.ஆர்.ஐ.யின் சலினாஸ் ஜெயித்திருந்தார். அதைப் பார்த்தவர்களுக்கு எப்படி நம்பிக்கை வரும்? (அன்றைக்குத் தேர்தலை நடத்திய உள்துறை அமைச்சர் பார்ட்லெட், முப்பது வருஷம் கழித்து இடதுசாரி லோபஸ் ஒப்ரடோர் ஆட்சியில் மின்வாரியத் தலைவராக வந்து உட்கார்ந்தார். அது தனிக் கூத்து.)

1994 டிசம்பரில் பெசோ சரிந்தது. டாலருக்கு மூன்றரை பெசோவாக இருந்தது சில வாரங்களில் ஐந்தைத் தாண்டியது. வங்கிக் கடன் வட்டி கிடுகிடுவென ஏறியது. அவர் கணவர் தவணையில் வாங்கிய வண்டியைத் திருப்பிக் கொடுத்தார். 1995 பிப்ரவரியில் எங்கள் ஹலிஸ்கோ மாநிலத் தேர்தல் வந்தது. வலதுசாரி பான் கட்சி பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது. "வெடிப்புக்கு ஒரு ஓட்டு, வட்டிக்கு ஒரு ஓட்டு, ரெண்டையும் சேர்த்து ஒன்றாகப் போட்டேன்" என்றார்.

மெட்ரோ பயணி (மெக்சிகோ சிட்டி):

அருமையான ஆரம்பம் அண்ணே. எனக்குக் கிடைத்தவர் எகாத்தெபெக்கில் இருந்து வரும் டாக்சிக்காரர். எகாத்தெபெக் தலைநகரை ஒட்டி இருந்தாலும் மெக்சிகோ மாநிலத்தைச் சேர்ந்தது. அந்த மாநிலத்தை பி.ஆர்.ஐ. 1929 முதல் 2023 வரை கையை விட்டு விடவே இல்லை. தேர்தலுக்கு முன்னால் வீட்டுக்கு வீடு அரிசி, பீன்ஸ், எண்ணெய்ப் பொட்டலம் வரும்.

"வாங்குவீர்களா?" என்றேன். ஒரு மாதிரி பார்த்தார். "என் வரிப்பணம், ஏன் வாங்கக் கூடாது? ஓட்டுப் போடும் மறைப்பிலேயே, ஓட்டு சுதந்திரமானது, ரகசியமானது என்று அச்சடித்திருக்கிறார்கள். உள்ளே நானும் பென்சிலும்தான்."

2017 ஜனவரியில் பெட்ரோல் விலையை ஒரே நாளில் 20 சதவீதம் வரை ஏற்றினார்கள். அந்த ஜூனில் நடந்த ஆளுநர் தேர்தலில் பி.ஆர்.ஐ. மூன்று சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தப்பித்தது. 2023-இல் அதுவும் நடக்கவில்லை. லோபஸ் ஒப்ரடோரின் மொரேனா கட்சியின் டெல்ஃபினா கோமெஸ் ஜெயித்தார். ஆறு வருஷமாகப் பெட்ரோல் கோபமா என்று கேட்டேன். "பெட்ரோல் இல்லை. முன்னாடி இவர்களை விட்டால் யார் என்று தெரியாது. இப்போது தெரியும்" என்றார். அவ்வளவுதான், அப்புறம் கால்பந்துக்குப் போய்விட்டார்.

ஹலாப்பா மருமகன் (வெராகுரூஸ்):

என் மாமனார் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், ஆயுள் முழுக்க பி.ஆர்.ஐ. ஆசிரியர் சங்கமும் கட்சியும் ஒரே வீட்டின் இரண்டு அறைகள் மாதிரி இருந்த காலத்து மனிதர். அவர் எப்படி மாறினார் என்பதைக் கூடவே இருந்து பார்த்தேன்.

ஹவியெர் துவார்த்தே 2010-இல் வெராகுரூஸ் ஆளுநரானார். பத்திரிகையாளர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்பட்டார்கள். மாமனார் வருத்தப்பட்டார், ஆனாலும் கட்சியை விட்டுக்கொடுக்க மாட்டார். மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு அரசு தர வேண்டிய பணம் வரவில்லை என்று துணைவேந்தரே ஊர்வலம் போனார். அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தார். 2015 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, ஓய்வூதியம் வரவில்லை என்று ஹலாப்பாவில் மறியல் செய்த முதியவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியது. அதில் இவருக்குத் தெரிந்த வாத்தியார்கள் இருந்தார்கள். அன்று இரவு சாப்பாட்டு மேசையில் யாரும் எதுவும் சொல்லவில்லை. மாமியார் மட்டும், "இன்னும் அந்தக் கட்சி அட்டையைப் பர்ஸில் வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

2016-இல் வெராகுரூஸில் பி.ஆர்.ஐ. முதன்முறையாக ஆளுநர் பதவியை இழந்தது. அதே நாளில் தமௌலிப்பாஸ், துராங்கோ, கின்தானா ரோ மாநிலங்களிலும் அதே கதி. துவார்த்தே தலைமறைவாகி, 2017 ஏப்ரலில் குவாத்தமாலாவில் பிடிபட்டார்.

கதை இதோடு முடியவில்லை. ஜெயித்த பான் கூட்டணியின் யூனெஸ் இரண்டு வருஷ ஆட்சி முடியும் முன்பே 2018-இல் தன் மகனையே நிறுத்தினார். மாமனார் சிரித்தார். "ஒரு திருடனை விரட்டியது இன்னொரு குடும்பத்துக்குப் பட்டம் சூட்டவா?" மொரேனாவுக்குப் போட்டார், மாநிலமும் அப்படியே போட்டது. அதே மகன் பின்னாளில் பான் செனட்டராகி, 2024 செப்டம்பரில் நீதித்துறைச் சீர்திருத்தத்துக்கு மொரேனா பக்கம் கைதூக்கினார். அன்றைக்கு மாமனார் டிவியை அணைத்துவிட்டார்.

சோளக்கொல்லை (மெக்சிகோ சிட்டி):

எல்லாம் சரி, ஆனால் ஊழலும் கொலையும்தான் கவிழ்க்கிறது என்றால் 2024 ஜனாதிபதி தேர்தலில் மொரேனா மறுபடி ஜெயித்தது எப்படி? லோபஸ் ஒப்ரடோர் ஆட்சியிலும் பெரும்பாலான வருஷங்களில் 30,000-க்கு மேல் கொலைகள். 2021 மே மாதம் இங்கே மெட்ரோ 12-வது வழித்தடத்தின் மேம்பாலம் இடிந்து 26 பேர் செத்தார்கள். அடுத்த மாதத் தேர்தலில் தலைநகரின் 16 மாவட்டங்களில் 9 எதிரணிக்குப் போனது. ஆனால் அவை பெரும்பாலும் வசதியான மேற்குப் பக்கம். பாலம் இடிந்த கிழக்குப் பக்கம் பெரும்பாலும் மொரேனாவோடுதான் நின்றது!

எங்கள் அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்யும் அம்மாவிடம் கேட்டேன். அவருக்கு வீடு கிழக்கே, இஸ்தபலாபாவில். முதலில் பாலத்தைக் கட்டியவர்களையும் பராமரிக்காதவர்களையும் சேர்த்துத் திட்டினார். பிறகு கணக்குச் சொன்னார். 2018-இல் குறைந்தபட்சக் கூலி நாளைக்கு 88 பெசோ, 2024-இல் 249. அவர் அம்மாவுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 6,000 பெசோ முதியோர் பணம். "இவர்களைத் தண்டித்து யாரைக் கொண்டுவர? பழைய ரெண்டு பேரும் சேர்ந்து நிற்கிறார்களே" என்றார். பி.ஆர்.ஐ.யும் பானும் ஒரே கூட்டணியாகச் சோசித்ல் கால்வெஸை நிறுத்தியதைச் சொல்கிறார். மொரேனாவின் கிளாவுடியா ஷெயின்பாம் கிட்டத்தட்ட 60 சதவீதம் வாங்கி ஜெயித்தார்.

இன்னொன்று. இங்கே ஜனாதிபதிக்கு ஆறு வருஷம், ஒரே ஒரு முறை. மறுபடி நிற்க முடியாது. பி.ஆர்.ஐ. ஜனாதிபதி பென்யா நியெத்தோ மேல் இருந்த கோபம் முழுக்க, 2018-இல் அப்பாவி மாதிரி வந்து நின்ற அக்கட்சி வேட்பாளர் மீட் தலையில் விழுந்தது. ஆளுங்கட்சி வேட்பாளருக்கு 16 சதவீதம், மூன்றாம் இடம்.

கடைசி பெஞ்ச் (குவாதலஹாரா):

@சோளக்கொல்லை, நீங்கள் சொல்வது சரிதான். எங்கள் மாநிலம் இன்னும் வேடிக்கை. 1995-இல் கொண்டுவந்த பானை 2012-இல் அனுப்பினார்கள், திரும்பி வந்த பி.ஆர்.ஐ.யை 2018-இல் அனுப்பினார்கள். இப்போது ஆள்வது மூன்றாவதாக ஒரு கட்சி. 2024-இல் ஷெயின்பாம் அலையிலும் அவர்களை மாற்றவில்லை. வீட்டுக்கார அம்மா மாற்றத்தான் ஓட்டுப் போட்டாராம்.

சல்தில்லோ ஷிஃப்ட் (கொவாவிலா):

எங்கள் மாநிலத்தை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். 2023-இல் மெக்சிகோ மாநிலத்தில் பி.ஆர்.ஐ. மண்ணைக் கவ்விய அதே ஞாயிற்றுக்கிழமை, இங்கே கூட்டணியோடு பாதிக்கு மேல் ஓட்டு வாங்கி ஜெயித்தது. அதே கட்சிதான்.

கார் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து லைனில் நிற்பவர் பியெத்ராஸ் நெக்ராஸ்காரர். 2011-இல் அங்கே பக்கத்து ஊரான அயெந்தேயில் செத்தாஸ் என்ற போதைப்பொருள் கும்பல் குடும்பம் குடும்பமாக ஆட்களைத் தூக்கிக்கொண்டு போனது. அப்போதும் மாநிலத்தில் பி.ஆர்.ஐ. ஆட்சிதான். "அப்போது கவிழ்க்காமல் இப்போது எதற்கு ஓட்டு?" என்று கேட்டேன். "அப்போது அந்த ரோட்டில் ராத்திரி போக மாட்டேன், இப்போது போகிறேன். எதிர்ப்பக்கம் பார்த்தால் மொரேனாவுக்கு ஒரு ஆள், அதன் கூட்டாளிக் கட்சிக்கு இன்னொரு ஆள். அவர்கள் முதலில் தங்களுக்குள் பேசி முடிவு பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டு ஷிஃப்ட் மணி அடித்ததும் கிளம்பிவிட்டார். அடுத்த தேர்தலுக்கு அவரிடம் மறுபடி கேட்டுச் சொல்கிறேன்.