இணையதளம் உருவாக்கத் தொடங்குவோர் எந்தக் கட்டற்ற மென்பொருள்களைத் தேர்ந்தெடுக்கலாம்?

ஞாயிறு வகுப்பு, தாராவி

வணக்கம். தாராவி 90 அடி சாலைக்கு அருகில், நண்பர் ஒருவர் விட்டுக்கொடுத்த மாடியறையில், ஆறு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்து வருகிறோம். ஏறத்தாழ 40 பிள்ளைகள் வருகிறார்கள். வீட்டில் தமிழ் பேசினாலும் பள்ளியில் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமுமே படிப்பதால், தமிழ் எழுத்து அவர்களுக்குப் புதியது. பாடத்தாள்களையும் பாடல்களின் ஒலிப்பதிவுகளையும் ஓர் இணையதளத்தில் வைத்தால், பெற்றோர் வாரநாள்களில் கைப்பேசியில் திறந்து படிக்க வைப்பார்கள். பெற்றோரிலும் சிலருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதால், அறிவிப்புகள் மராத்தியிலும் இருக்க வேண்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இலவசம் என்று அறிவித்திருந்த ஒரு தளச் சேவையில் 30க்கும் மேற்பட்ட பாடங்களை ஏற்றினோம். பிறகு கட்டணம் கேட்டார்கள். கட்ட வசதியில்லாமல் விலக நினைத்தபோதுதான், பாடங்களைக் கோப்புகளாக எடுத்துக்கொள்ள அங்கே வழியே இல்லை என்பது தெரிந்தது. ஒவ்வொரு பக்கமாக நகலெடுத்து ஒட்டி மீட்பதற்கு மூன்று வாரங்கள் ஆயின. ஒலிப்பதிவுகளில் பாதி கிடைக்கவே இல்லை. மறுபடியும் அந்த நிலைக்கு ஆளாகக் கூடாது என்பதே என் முதல் கவலை.

எங்களிடம் இருப்பது 4 ஜிபி நினைவகம் கொண்ட, விண்டோஸ் 10 இயங்கும் ஒரு மடிக்கணினி. எனக்கு நிரலாக்கம் தெரியாது. கற்றுக்கொள்ள ஆயத்தமாக இருக்கிறேன். எதிலிருந்து தொடங்குவது?

செம்பூர் வாசகர்

வணக்கம் அம்மா. 'இலவசம்' என்பதையும் 'கட்டற்றது' என்பதையும் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். உங்களுக்குக் கிடைத்தது இலவசம். விலை இல்லை, ஆனால் சாவி அவர்களிடம் இருந்தது. கட்டற்ற மென்பொருள் என்றால் விரும்பியவாறு இயக்கவும், உள்ளே எப்படி இயங்குகிறது என்று பார்த்து மாற்றவும், பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கவும், மாற்றியதைப் பகிரவும் உரிமை உண்டு. ரிச்சர்டு ஸ்டால்மன் 1985இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வலியுறுத்திவரும் உரிமைகள் இவை.

ஆனால் கட்டற்ற கருவியும் ஒருநாள் கைவிடப்படலாம். இணையப்பக்கங்களை எழுத உதவும் பிராக்கெட்ஸ் என்ற, அடோபி தொடங்கிய திருத்திக்கு அந்நிறுவனத்தின் ஆதரவு 2021இல் நின்றது. நிரல்களையும் கோப்புகளையும் இணையத்தில் வைத்துப் பகிர உதவும் கிட்ஹப் தளத்தின் 'ஆட்டம்' என்ற திருத்தி 2022 டிசம்பரில் மூடப்பட்டது. இரண்டும் திறந்த மூலக் கருவிகள். தொடக்கநிலையினர் பலர் அவற்றில்தான் பழகியிருந்தார்கள். அவர்கள் எழுதிய பக்கங்களுக்கு எந்தச் சேதமும் இல்லை, ஏனென்றால் அவை எச்டிஎம்எல் என்ற இணையப்பக்கக் குறிமொழியில் எழுதிய வெறும் உரைக்கோப்புகள், எந்தத் திருத்தியிலும் திறக்கும். ஆகவே எந்தக் கருவியை எடுத்தாலும், 'நாளை இது இல்லாமல் போனால் என் கையில் என்ன மிஞ்சும்?' என்று ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள்.

உங்கள் மடிக்கணினிக்கு நோட்பேட்++ என்ற திருத்தி போதும். 2003 முதல் வெளிவருகிறது, மிக இலகுவானது. விஎஸ் கோட் என்று பலர் சொல்வார்கள். நல்ல கருவிதான், ஆனால் 4 ஜிபி நினைவகத்தில் உலாவியையும் அதையும் சேர்த்துத் திறந்தால் கணினி திணறும். தலைப்பு, பத்தி, பட்டியல், இணைப்பு, படம் ஆகிய ஐந்துக்கும் உரிய குறிகளைக் கற்றுக்கொண்டால் முதல் பாடப்பக்கம் ஆகிவிடும். ஃபயர்பாக்ஸில் அந்தக் கோப்பைத் திறந்து, கண்ட்ரோல், ஷிஃப்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், கைப்பேசித் திரையில் பக்கம் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளலாம். பெற்றோர் கைப்பேசியில்தான் பார்க்கப் போகிறார்கள் என்பதால் இதை ஒவ்வொரு முறையும் செய்யுங்கள்.

ஒலிப்பதிவுகளை ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்தியில் திறந்து, ஒற்றைத்தடமாக 64 கேபிபிஎஸ் எம்பி3 ஆகச் சேமித்தால் நிமிடத்துக்கு அரை எம்பி அளவில் முடிந்துவிடும். பிள்ளைகளின் குரல் தெளிவாகவே இருக்கும். படங்களைக் கிம்ப் மென்பொருளில் 1200 படப்புள்ளி அகலத்துக்குச் சுருக்குங்கள். கைப்பேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் ஒவ்வொன்றும் சில எம்பி இருக்கும், அந்தச் செலவு பெற்றோரின் டேட்டாவில்தான் விழும்.

பக்கங்களை வைக்க கிட்ஹப் பேஜஸ் கட்டணமின்றி இடம் தருகிறது. ஒரு தளத்துக்கு 1 ஜிபி வரை. கிட்ஹப் கட்டற்றது அன்று, மைக்ரோசாஃப்ட்டுக்குச் சொந்தமானது. அது வேண்டாம் என்றால் பெர்லினில் உள்ள ஓர் இலாப நோக்கற்ற சங்கம் நடத்தும் கோட்பெர்க் இருக்கிறது. எதில் வைத்தாலும் மூலக்கோப்புகள் உங்கள் மடிக்கணினியிலும் ஒரு பென்டிரைவிலும் இருக்கட்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கிட்ஹப்பின் கட்டணமில்லாத் திட்டத்தில் பேஜஸ் தளத்தின் களஞ்சியம், அதாவது கோப்புகளை வைத்திருக்கும் இடம், எல்லோருக்கும் திறந்தே இருக்கும். ஒரு கோப்பை நீக்கினாலும் பழைய பதிப்புகளின் வரலாற்றில் அது தங்கிவிடும். எனவே பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களையும், பெயர்ப் பட்டியலையும், பெற்றோரின் தொலைபேசி எண்களையும் ஒருபோதும் அங்கே ஏற்றாதீர்கள்.

முலுண்டு ஆசிரியர்

மேலே உள்ளவர் சொன்னதை மதிக்கிறேன், ஆயினும் சற்று மாறுபடுகிறேன். தளத்தை ஒருவர் மட்டுமே பார்த்துக்கொள்வதாக இருந்தால் கையால் எழுதிய எச்டிஎம்எல் சிறந்தது. நான்கு தன்னார்வலர்கள், அவரவர் கைப்பேசியிலிருந்து, 'இந்த வாரம் வகுப்பு இல்லை' என்று அறிவிக்க வேண்டிய நிலை வந்தால், உலாவியிலேயே எழுதி வெளியிட வழிசெய்யும் வேர்டுபிரஸ்தான் உதவும். மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் 2003இல் வெளியிட்ட அந்த மென்பொருள், ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் கிடைக்கிறது. எழுதிய அனைத்தையும் எக்ஸ்எம்எல் என்ற வடிவில் ஒரே உரைக்கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி அதிலேயே உண்டு. அந்தக் கோப்பில் உரைகள் மட்டுமே வரும். படங்களையும் ஒலிகளையும் தனியே நகலெடுக்க வேண்டும். உங்கள் ஒலிப்பதிவுகளுக்கு நேர்ந்ததை நினைத்து இதைக் குறிப்பிடுகிறேன்.

இதில் உள்ள சுமையையும் மறைக்கக் கூடாது. வேர்டுபிரஸுக்குப் பிஎச்பி என்ற நிரல்மொழியும் தரவுத்தளமும் இயங்கும் வழங்கி, அதாவது எப்போதும் இணையத்தில் இருக்கும் கணினி, தேவை. அதற்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. மென்பொருளையும் அதில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் செருகுநிரல்களையும் இற்றைப்படுத்தாமல் விட்டால் யாராவது உள்ளே புகுந்துவிடுவார்கள். நான் உதவிய ஒரு நூலகத் தளத்தில் எட்டு மாதங்கள் யாரும் கவனிக்காமல் விட்டதில், முகப்பு முழுவதும் மருந்து விளம்பரங்கள் வந்து நின்றன. மாதம் ஒருமுறை பார்க்க ஆள் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதற்குப் பதிலாக, கட்டற்ற இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு அந்த மடிக்கணினியில் ஓடும். அதற்கு நோட்பேட்++ இல்லை; ஜீனி என்ற திருத்தி அதே அளவு இலகுவாக இருக்கும்.

எழுத்துரு ஆர்வலர், மாட்டுங்கா

தமிழைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. உங்கள் பழைய பாடத்தாள்கள் பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவையா என்று முதலில் பாருங்கள். பாமினியில் திரையில் 'அம்மா' என்று தெரிந்தாலும், கோப்புக்குள் இருப்பவை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கில விசைகள்தாம். அதை அப்படியே இணையத்தில் ஏற்றினால், அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தெரியும், தேடுபொறியும் கண்டுபிடிக்காது, பார்வையற்றவர்களுக்குப் படித்துக்காட்டும் என்விடிஏ போன்ற கட்டற்ற மென்பொருளும் உளறும். எல்லாவற்றையும், எல்லாக் கருவிகளும் புரிந்துகொள்ளும் பொதுக் குறியாக்கமான ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும். என்எச்எம் கன்வெர்ட்டர் கட்டணமின்றி மாற்றித்தரும். மாற்றிய பிறகு ஒருமுறை கண்ணால் படித்துச் சரிபாருங்கள்.

எழுத்துருவுக்கு வெகுதூரம் போக வேண்டாம். நம் மும்பையில் இயங்கும் எக் டைப் குழுவினர் உருவாக்கிய முக்த மலர், திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைக்கிறது. அதன் உடன்பிறப்பான முக்தா தேவநாகரிக்கு உரியது. இரண்டும் ஒரே கனமும் ஒரே போக்கும் உடையவை என்பதால், தமிழ் அறிவிப்புக்குக் கீழே மராத்தி வரும்போது ஒன்று பெரிதாகவும் மற்றது நசுங்கியும் தெரியாது. தமிழ்ப் பத்திகளுக்கு மொழிக்குறி டி-ஏ, மராத்திப் பத்திகளுக்கு எம்-ஆர் என்று எச்டிஎம்எல்லில் குறித்துவிடுங்கள். அந்தக் குறியைப் பார்த்துத்தான் படிப்புமென்பொருள் குரலை மாற்றிக்கொள்ளும். வரி இடைவெளியை 1.7 அளவுக்குத் தளர்த்துங்கள். புதிதாகப் படிக்கும் பிள்ளைக்கு 'கி', 'கீ' இரண்டின் மேற்சுழிகளும் நெருங்கித் தெரிந்தால் வேறுபாடு பிடிபடாது.

ஞாயிறு வகுப்பு, தாராவி

மூவருக்கும் நன்றி. எங்களில் மாதந்தோறும் வேர்டுபிரஸைக் கவனிக்க ஆள் இல்லை. ஆகவே கையால் எழுதுவது என்று முடிவு செய்து, நேற்று இரவு நோட்பேட்++இல் உயிரெழுத்துப் பாடத்தை எழுதினேன். கணினியில் இருந்த பழைய ஃபயர்பாக்ஸ் பதிப்பில் திறந்தபோது தமிழுக்குப் பதிலாகத் தலையில் கோடிட்ட 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் வரிசை வரிசையாக வந்தன. இன்னொரு தன்னார்வலர் வேறொரு பழைய கணினியில் எழுதிய பக்கத்தில் வெறும் கேள்விக்குறிகள். இரண்டும் ஒரே கோளாறா? பாடம் அழிந்துவிட்டதா?

எழுத்துரு ஆர்வலர், மாட்டுங்கா

இரண்டும் வேறு. உங்கள் பக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கோப்பு, ஒருங்குறி எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் சரியாகவே இருக்கிறது, ஆனால் அதை உலாவிக்கு யாரும் சொல்லவில்லை. தலைப்பகுதியின் முதல் வரியிலேயே குறியாக்கத்தை உலாவிக்குச் சொல்லும் மெட்டா சார்செட் குறியில் யுடிஎஃப்-8 என்று எழுதிச் சேமியுங்கள். கோப்பின் முதல் 1024 பைட்டுகளுக்குள் அது இருக்க வேண்டும்.

கேள்விக்குறி வந்த பக்கத்தில் சேமிக்கும்போதே தமிழ் போய்விட்டது. பழைய விண்டோஸின் நோட்பேட், ஏஎன்எஸ்ஐ என்ற பழைய குறியாக்கத்தில் சேமித்திருக்கும். அதில் தமிழுக்கு இடமில்லை என்பதால் ஒவ்வோர் எழுத்தும் கேள்விக்குறியாகிவிடும், திரும்பப் பெற முடியாது. அந்தப் பாடத்தைப் புதிதாகத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். சேமிக்கும் பெட்டியின் அடியில் குறியாக்கத்தை யுடிஎஃப்-8 என்று மாற்றிய பிறகே சேமிக்க வேண்டும்.

ஞாயிறு வகுப்பு, தாராவி

அந்த வரியைச் சேர்த்தவுடன் 'அ' முதல் 'ஔ' வரை பன்னிரண்டும் வந்துவிட்டன. கேள்விக்குறியான பாடத்தின் தாள்படி என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை தட்டச்சு செய்துவிடுவோம். ஞாயிறன்று பெற்றோரின் கைப்பேசிகளில் திறந்து பார்த்துவிட்டு, எந்தெந்தக் கருவியில் எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று இங்கே எழுதுகிறேன்.