காப்புத்தளர்வுத் தொற்று: ஒரு சொல்லுக்கான முன்மொழிவு

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு நுரையீரலில் ஏற்படும், ஆங்கிலத்தில் ‘opportunistic infections’ எனப்படும் தொற்றுகளைக் குறிக்க இந்தக் கலைச்சொல் இழையில் இதுவரை ‘சந்தர்ப்பவாதத் தொற்று’, ‘வாய்ப்புத் தொற்று’, ‘அற்றத்தொற்று’ ஆகிய மூன்று சொற்கள் முன்வந்துள்ளன. மூன்றிலும் காலம் பார்த்துக் காத்திருக்கும் கிருமியே முன்னிற்கிறது. இந்நோய்களில் மருத்துவர் முதலில் பார்ப்பது கிருமியை அன்று, தளர்ந்துபோன உடற்காப்பை என்பதால், சொல்லும் அங்கிருந்தே பிறக்க வேண்டும் என்பது என் கருத்து. ‘காப்புத்தளர்வுத் தொற்று’ என்ற சொல்லை முன்மொழிகிறேன்.

‘சந்தர்ப்பவாதத் தொற்று’ எய்ட்ஸ் விழிப்புணர்வு வெளியீடுகள் வழியாகப் பரவி வேரூன்றிய சொல் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். அது உண்மை; பழகிய சொல்லை மாற்றத் தக்க காரணம் வேண்டும். தமிழில் சந்தர்ப்பவாதி என்பது வசை. எச்.ஐ.வி. தொற்றுள்ள ஒருவர் தம் மருத்துவக் குறிப்பேட்டில் இச்சொல்லைப் படிக்கும்போது, ஊராரின் ஏச்சை ஏற்கெனவே சுமந்துகொண்டிருப்பவருக்கு அது எப்படி ஒலிக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். ‘வாய்ப்பு’ இதற்கு நேர் எதிரான இடரைத் தருகிறது: வேலைவாய்ப்பு, நல்வாய்ப்பு என்று நன்மைக்கே பழகிய சொல் அது.

இவ்விரண்டைவிடவும் பெரிய குறை, கிருமி எங்கிருந்தோ புதிதாக வந்து தாக்குகிறது என்ற எண்ணத்தை இச்சொற்கள் விதைப்பது. ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகளை நாம் எல்லோரும் நாள்தோறும் மூச்சோடு உள்ளிழுக்கிறோம். நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையைப் பெரும்பாலான குழந்தைகள் முதல் சில ஆண்டுகளுக்குள்ளேயே சந்தித்துவிடுவதை அவர்களின் இரத்தத்தில் அதற்கெதிராக உருவான எதிர்ப்பொருள்கள் காட்டுகின்றன. சைட்டோமெகலோ வைரஸ் ஒருமுறை உடலுக்குள் புகுந்தால் வாழ்நாள் முழுவதும் அடங்கிக் கிடக்கும். கிருமி முன்பு இருந்தபடியேதான் இருக்கிறது; மாறியது காப்பு.

நியூமோசிஸ்டிஸ் நிமோனியாவின் வரலாறு இதற்கு நல்ல சான்று. 1909இல் பிரேசிலில் மருத்துவர் கார்லோஸ் சாகாஸ் அக்கிருமியைக் கண்டபோது டிரிப்பனோசோம் என்ற ஒருசெல் ஒட்டுண்ணியின் ஒரு வளர்நிலை என்றே எண்ணினார். 1912இல் பாரிசில் டெலனோயே தம்பதியர் அது தனி உயிர் என்று காட்டினர். அதன்பின் பல பத்தாண்டுகள் ஒருசெல் விலங்காகவே கருதப்பட்டு வந்தது, 1988இல் மரபியல் ஆய்வில் பூஞ்சை என்று தெரியவந்தது. மனிதரைத் தாக்கும் இனத்தின் பெயரும் காரினி என்பதிலிருந்து யிரோவெட்சி என்று மாறிவிட்டது. கிருமியின் வகையும் பெயரும் இத்தனை முறை மாறியும், அது யாரைத் தாக்குகிறது என்பது மட்டும் மாறவில்லை: ஐரோப்பிய ஆதரவற்றோர் இல்லங்களில் குறைமாதத்தில் பிறந்த, ஊட்டமிழந்த குழந்தைகள், இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து பெற்ற சிறுவர்கள், பின்னர் எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்கள். 1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார இதழில், அதுவரை நலமாயிருந்த லாஸ் ஏஞ்சலிஸ் இளைஞர்கள் ஐவருக்கு இந்த நிமோனியா வந்ததாகக் குறிப்பு வெளியானபோது, அதைப் படித்த மருத்துவர்களைத் திகைக்க வைத்தது அதற்கு முன் அவர்களுக்குக் காப்புத்தளர்வு இருந்ததற்கான காரணமே தெரியாமலிருந்ததுதான். எய்ட்ஸ் என்று பின்னர் பெயர் பெற்ற நோயை உலகம் அறிந்தது அந்தக் கேள்வியின் வழியாகத்தான்.

படுக்கையருகே நின்று பார்த்தாலும் இதுவே நிலை. வறட்டு இருமலோடும், சில வாரங்களாகச் சிறிது சிறிதாகக் கூடிவரும் மூச்சிரைப்போடும் ஒருவர் வருகிறார். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. எக்ஸ்ரே படமும் தொடக்கத்தில் சீராக இருக்கக்கூடும். அவரை எழுப்பி வராந்தாவில் சற்று நடக்கவிட்டால், விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் அளவு சரசரவென இறங்குகிறது. இதைக் கண்ட மருத்துவர் அடுத்துக் கேட்பது சி.டி.4 எண்ணிக்கையை, அதாவது எச்.ஐ.வி. அழிக்கும் ஒருவகைக் காப்புச் செல்களின் எண்ணிக்கையை. அது ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 200க்குக் கீழே இருந்தால் நியூமோசிஸ்டிஸ் மேலான ஐயம் வலுக்கிறது. எச்.ஐ.வி. இருந்தும் இந்த நிமோனியா வராதவருக்கும் இதே எண்ணை வைத்துத்தான் கோட்ரைமாக்சசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை முன்தடுப்பாகத் தொடங்கப்படுகிறது. எச்.ஐ.வி.க்கான கூட்டுமருந்துச் சிகிச்சையால் எண்ணிக்கை 200ஐத் தாண்டி மூன்று மாதங்களுக்கு மேல் நிலைத்தால் அம்மாத்திரையை நிறுத்தவும் முடிகிறது. ‘இழப்பு’, ‘குறை’ ஆகியவற்றை விடுத்துத் ‘தளர்வு’ என்று நான் எடுத்துக்கொண்டது இதனால்தான். தளர்ந்தது மீளும், நோயாளிக்குச் சொல்லவேண்டிய செய்தியும் அதுவே.

இச்சொல்லுக்கு இன்னொரு பயனும் உண்டு. எந்தக் காப்பு தளர்ந்தது என்பதைப் பொறுத்தே எந்தக் கிருமி என்பது அமைகிறது. புற்றுநோய் மருந்தால் நியூட்ரோபில்கள் என்ற வெள்ளணுக்கள் மிகவும் குறைந்து, அந்நிலை பல நாள் நீடித்தால் ஆஸ்பெர்ஜில்லஸ் நுரையீரலைத் துளைக்கும். சி.டி.4 வகையை உள்ளடக்கிய டி செல்கள் குறைந்தால் நியூமோசிஸ்டிஸும், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களிடம் சைட்டோமெகலோ வைரஸும் தலைதூக்கும். எதிர்ப்பொருள் உருவாகாதவர்களுக்கு நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் நிமோனியா திரும்பத் திரும்ப வரும். ‘நியூட்ரோபில் காப்புத்தளர்வு’, ‘டி செல் காப்புத்தளர்வு’ என்று முன்னொட்டுச் சேர்த்து எழுத இச்சொல் இடம்தருகிறது. ‘சந்தர்ப்பவாதம்’ அதற்கு வளையாது.

பெயர் தவறான இடத்தைச் சுட்டினால் என்ன ஆகும் என்பதை 2021இல் கொரோனா அலையின்போது பார்த்தோம். மியூகர் பூஞ்சை நோய்க்குக் ‘கருப்புப் பூஞ்சை’ என்று பெயர் வந்தது. அந்தக் கருமை பூஞ்சையின் நிறமன்று. இரத்த ஓட்டம் அடைபட்டு மடிந்த திசுவின் நிறம். தொடர்ந்து வெள்ளைப் பூஞ்சை, மஞ்சள் பூஞ்சை என்று செய்திகளில் நிறங்கள் பெருகின. கட்டுக்கடங்காத சர்க்கரை நோய், அளவுக்கு மீறிய ஸ்டீராய்டு ஆகிய உண்மைக் காரணங்கள் அந்த நிறங்களுக்குப் பின்னே மறைந்துபோயின. பொதுமக்களுக்கான ஒரு சொல் இவ்வளவு தீங்கு செய்யக்கூடும் என்பது எனக்கு இன்றும் வருத்தமளிக்கிறது.

‘அற்றத்தொற்று’ எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு. சோர்வு, தக்க சமயம் என்னும் இரு பொருளும் அதில் ஒன்றாக அடங்குகின்றன. ஆயினும், இன்றைய வாசகர் அதை ‘அற்ற தொற்று’ என்று பிரித்துத் தொற்று இல்லை என்று பொருள்கொள்ள இடமிருக்கிறது. பரிசோதனை முடிவுத் தாளில் அந்த மயக்கம் ஆபத்தானது. ‘எதிர்ப்புக்குறைத் தொற்று’ என்று நானே முதலில் எண்ணிப் பார்த்தேன். ‘மருந்து எதிர்ப்புக் காசநோய்’ என்னும் வழக்கு வலுவாக இருப்பதால், அது மருந்துக்குக் கட்டுப்படாத தொற்றோடு குழம்பும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘நோய்த்தடைக்காப்பு’ ஏற்கெனவே இருப்பதால் ‘காப்பு’ மாணவர்களுக்குப் புதிதாக இராது.

காசநோயை இதில் சேர்க்கலாமா என்று அம்மையார் ஒருவர் எழுப்பிய வினா முக்கியமானது. இந்தியாவில் எச்.ஐ.வி. உள்ளவர்களை மிகுதியாகத் தாக்கும் இத்தகைய தொற்று காசநோய்தான். ஆனால் காப்பு திடமாக உள்ளவரையும் அது விட்டுவைப்பதில்லை. சி.டி.4 நன்றாக இருக்கும்போதும் வரும், குறையக் குறைய மிகுதியாக வரும். மிகவும் குறைந்தவரிடம் நுரையீரலில் குழிகள் தென்படாமல், சளிப் பரிசோதனையிலும் பிடிபடாமல் போகக்கூடும். ஆகவே நோயைப் பட்டியலில் நிலையாகச் சேர்ப்பதைவிட, ‘காப்புத்தளர்வில் வந்த காசநோய்’ என்று நிலைமையைக் குறிப்பதே சரி. இச்சொல் ஒரு கிருமிக்குரிய பெயராக அல்லாமல் ஒரு நிலையின் பெயராக நிற்கவேண்டும் என்று வரையறையிலேயே எழுதிவிடலாம்.

இலங்கை நண்பர்களிடம் ஒரு கேள்வி. அங்கே ‘நிர்ப்பீடனம்’ என்பதே பாடநூல் வழக்கு. ‘நிர்ப்பீடனத் தளர்வுத் தொற்று’ என்று இணைச்சொல்லாகத் தந்தால் அங்குள்ள மருத்துவத் தாதியருக்கும் நோயாளிகளுக்கும் எளிதாக இருக்குமா, அல்லது ‘காப்பு’ அங்கும் விளங்குமா? துண்டறிக்கைக்கான மாதிரி வாக்கியம் இது: “உங்கள் உடற்காப்பு தளர்ந்திருப்பதால் நுரையீரலில் காப்புத்தளர்வுத் தொற்று வரக்கூடும், அதைத் தடுக்கவே இந்த மாத்திரை.” இதைத் திருத்தித் தருமாறு வேண்டுகிறேன்.

அன்புடன்.