மறு: டிரான்ஸ்ஃபர் கேஸ் – ‘பகிர்பெட்டி’ என்று வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம்.

டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு, அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் பெட்டிக்கு, தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை நான்கு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுத நேரமில்லை, ஏனென்றால் நீங்கள் எல்லோரும் பெயர் தேடிக்கொண்டிருக்கிற அதே சாமான் எங்கள் வீட்டு வாசலில் சாக்கு விரித்து அதன்மேல் கிடக்கிறது.

ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. மூட்டை ஏற்ற ஒரு பழைய மகிந்திரா எம்எம் 540 ஜீப். அதில் கியர் பாக்ஸ் ஆயில் குறைந்துகொண்டே வந்தது, ஆனால் தரையில் ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது. சந்தேகப்பட்டு டிரான்ஸ்ஃபர் கேஸின் போல்ட்டைத் திறந்து பார்த்தால் அங்கே அளவுக்கு மேல் வழிகிறது. இரண்டு பெட்டிக்கும் நடுவே உள்ள பேரிங் ஓரமாக முன்பெட்டி ஆயில் பின்பெட்டிக்குப் போயிருக்கிறது. இரண்டையும் இறக்காமல் முடியாது. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்தில் விட்டுவிட்டு வருவதைவிட வீட்டிலேயே செய்துவிடலாம் என்று சித்தப்பா மகனும் நானும் இறங்கினோம், அடிவாரத்திலிருந்து எங்கள் மெக்கானிக் அண்ணனும் வந்தார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மூன்று நாளும் நீங்கள் முன்வைத்த ஒவ்வொரு சொல்லையும் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். கலைச்சொல்லுக்கு அதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

> ‘மாற்றுப் பெட்டி’ சுருக்கமாக இருக்கிறது, மூலச் சொல்லுக்கும் நெருக்கம்.

“மாற்றுப் பெட்டியைத் தாங்கிப் பிடி” என்றேன். தம்பி எழுந்துபோய், வேறொரு பெட்டி எங்கே இருக்கிறது என்று தேடினான். அவன்மேல் தப்பில்லை. மாற்றுத் துணி, மாற்றுச் சாவி என்றுதானே நாம் பேசுகிறோம். அதுவும் போக, கியர் மாற்றுவது முன்பெட்டியின் வேலை. ‘மாற்று’ என்பதை இங்கே செலவழித்துவிட்டால் அங்கே என்ன சொல்வது?

> ‘பரிமாற்றப் பெட்டி’ அல்லது ‘கடத்திப் பெட்டி’.

பரிமாற்றம் என்றால் கொடுப்பதும் வாங்குவதும். இதில் ஒரு பக்கம் வாங்கி மறு பக்கம் கொடுப்பது மட்டும்தான். கடத்தி என்ற சொல் மின்சாரத்தில் நன்றாக நிற்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வண்டியில் கிளட்ச் முதல் ஆக்ஸில் வரை எல்லாமே சுழற்சியைக் கடத்துகின்றன. எல்லாவற்றுக்கும் பொருந்துகிற சொல்லை ஒன்றுக்கு மட்டும் சூட்டினால் அது அந்த ஒன்றைக் காட்டாது.

சரி, அந்தப் பெட்டி உண்மையில் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். கியர் பாக்ஸிலிருந்து வரும் ஒரு சுழற்சியை வாங்கி, பின் ஆக்ஸிலுக்கு ஒரு ப்ரொபெல்லர் சாஃப்ட் (நீளமான சுழல்தண்டு) வழியாகவும் முன் ஆக்ஸிலுக்கு இன்னொன்றின் வழியாகவும் கொடுக்கிறது. முன்பக்கத்துக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பதை ஒரு லீவர் தீர்மானிக்கிறது. இன்னொரு லீவர் ஹை, லோ, அதாவது வேகமா இழுப்பா என்பதற்கு. எங்கள் ஜீப்பில் இருப்பது பழைய அமெரிக்க வில்லிஸ் ஜீப் காலத்திலிருந்து வரும் ஸ்பைசர் 18 வகை. அதில் வெளியே போகும் தண்டு கியர் பாக்ஸின் நேர்கோட்டில் இல்லாமல் ஓரமாகத் தள்ளி இருக்கும், நடுவில் ஓர் இடைப் பற்சக்கரம் நின்று அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். பெட்டியைத் தனியாகப் பிரிக்கும்போதுதான் இது கண்ணுக்குத் தெரிகிறது. பின்பக்க மூடியைக் கழற்றினால் உள்ளே கியர் பாக்ஸின் மெயின் சாஃப்ட் முனையில் ஒரு பற்சக்கரம், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு நட், நட்டு கழலாமல் தடுக்க ஒரு ஸ்ப்ளிட் பின். அந்த நட்டை எடுக்காமல் வெளி போல்ட்டுகளை மட்டும் கழற்றிவிட்டு நெம்பினால் பெட்டி பிரியாது, ஓடுதான் உடையும். முதல் நாள் மதியம் முழுக்க அந்த ஒரு நட்டுக்கே போனது.

இதைப் பார்த்தபோது எனக்கு முதலில் தோன்றிய சொல் ‘மடை’. வாய்க்கால் தண்ணீர் ஒன்றாக வருகிறது, இந்த வயலுக்கு ஒரு மடை, அந்த வயலுக்கு ஒரு மடை, வேண்டாதபோது மண்ணை வெட்டி அடைத்துவிடலாம். முன் லீவர் செய்வது அச்சாக அதுதான். ‘மடைப்பெட்டி’ என்று தம்பியிடம் சொன்னேன், அவன் உடனே டிரான்ஸ்ஃபர் கேஸைக் காட்டினான். மனசுக்குப் பிடித்த சொல். ஆனால் மடை என்றால் முதலில் திறப்பு, அடைப்புதான் நினைவுக்கு வரும். பெட்ரோல் போகும் குழாயில் உள்ள வால்வுக்கும் நாளை யாராவது அதைக் கேட்பார்கள், அவர்களுக்குத்தான் உரிமை அதிகம். விட்டுக்கொடுத்தேன்.

அடுத்தது ‘கவைப்பெட்டி’. கவை என்றால் கிளை பிரியும் இடம், கவட்டையில் இருக்கிறதே அதுதான். சொல் அழகு, பொருளும் சரி. ஆனால் மூடியைத் திறந்ததும் உள்ளே கியரைத் தள்ளும் இரும்புக் கவட்டை கிடந்தது. ‘கவை’ என்ற பெயர் அதற்கே பொருத்தம், வடிவமே அதுதான். ஒரே பெட்டியில் இரண்டு கவை வைத்தால் படிக்கிற பையன் குழம்புவான்.

அப்புறம்தான் ‘பகிர்பெட்டி’. ஊறுகாய், குடிநீர் மாதிரி வினைத்தொகை. பகிர்ந்த, பகிர்கிற, பகிரும் பெட்டி என்று மூன்று காலத்துக்கும் விரியும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் ‘பகிர்ப்பெட்டி’ என்று எழுத வேண்டாம், நடுவில் ஒற்று கிடையாது. ‘பகிர்வுப் பெட்டி’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார், பிழையில்லை, ஆனால் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல நீளம்.

இதற்கு மெக்கானிக் அண்ணன் எழுப்பிய கேள்விதான் இதுவரை வந்ததிலேயே வலுவானது. “கிரவுனும் ரெண்டு சக்கரத்துக்குப் பிரிச்சுத்தானுங்க குடுக்குது, அப்ப அதுவும் பகிர்பெட்டி தானே?” என்றார். கிரவுன் என்று அவர் சொல்வது ஆக்ஸில் நடுவே இருக்கும் டிஃபரன்ஷியலை. இரவெல்லாம் யோசித்தேன். டிஃபரன்ஷியலின் தனித்தன்மை பிரித்துக் கொடுப்பது மட்டும் இல்லை, இடதும் வலதும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுவது. அதன் பெயர் அந்த வேறுபாட்டிலிருந்து வரவேண்டும். எங்கள் பெட்டியோ அப்படி விடுவதில்லை. முன் கியரைப் போட்டுவிட்டால் முன் தண்டும் பின் தண்டும் பூட்டின மாதிரி ஒரே வேகத்தில்தான் சுற்றும். அதனால்தான் மலைப்பாதைத் தார் ரோட்டில் முன் கியர் போட்டபடி கொண்டை ஊசி திரும்பக்கூடாது என்கிறோம். திருப்பத்தில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட நீண்ட தூரம் போகவேண்டும், பெட்டி விடாது, காய்ந்த தாரில் டயர் வழுக்கவும் முடியாது, தண்டுகளில் முறுக்கு ஏறி லீவரே வெளியே வராது. ஈரமண்ணில், தோட்டத்துச் சரிவில் சக்கரம் கொஞ்சம் வழுக்கிக்கொள்வதால் பிரச்சினை இல்லை.

அப்படியானால் இது பகிர்வதா, பூட்டுவதா என்று பொறியியல் படித்த நண்பர்கள் கேட்கலாம். வேகத்தைப் பூட்டுகிறது, இழுப்பைப் பகிர்கிறது. பின் சக்கரம் சேற்றில் சும்மா சுற்றும் நிலையில் முன் சக்கரத்துக்குப் பிடிப்பு இருந்தால் இழுப்பு அங்கே போய்விடும், எங்கே பிடிப்பு அதிகமோ அங்கே அதிகப் பங்கு. சமமாக இருந்தால்தான் பகிர்வு என்று தமிழில் யாரும் சொல்வதில்லையே. பாடநூலுக்கு என்று கேட்டால் ‘முன்பின் பகிர்பெட்டி’ என்று முதல் தடவை முழுசாக எழுதி, பிறகு பகிர்பெட்டி என்றே தொடரலாம். கிரவுனோடு குழப்பம் வராது.

ஹை, லோ இரண்டுக்கும் ‘உயர்நிலை, தாழ்நிலை’ என்று இழையில் வந்தது. மலையில் ஓட்டுகிறவன் காதுக்கு அது தலைகீழாகக் கேட்கிறது, ஏனென்றால் ஏற்றத்துக்குத்தான் லோ போடுகிறோம். பிந்தைய ஸ்பைசர் 18 பெட்டிகளில் லோ விகிதம் 2.46. அதாவது சக்கரம் அத்தனை மடங்கு மெதுவாகச் சுற்றும், இழுவிசை ஏறக்குறைய அந்த அளவு கூடும். ஆகவே ‘ஓட்டநிலை, இழுவைநிலை’ என்பது என் கருத்து. இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை, இதைவிட நல்லது வந்தால் எடுத்துக்கொள்வேன்.

> மெக்கானிக்குகள் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்றே சொல்லிவிட்டுப் போகிறார்கள், நாம் எதற்காகச் சொல் உண்டாக்க வேண்டும்?

இதை எழுதியவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1916-ல் ராஜாஜி இதே சேலத்தில் வக்கீலாக இருந்தபோது தமிழில் அறிவியல் சொற்களை உண்டாக்க ஒரு சங்கம் தொடங்கினார், தாவரவியல், வேதியியல், வானியல், கணிதம் என்று வேலை நடந்தது. அன்றைக்கு யாருக்கும் அந்தச் சொற்கள் இல்லாமல் பிழைப்பு நின்றுவிடவில்லை. ஆனாலும் செய்தார்கள், தமிழில் படிக்க வேண்டிய பிள்ளைகள் வருவார்கள் என்பதற்காக. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் எத்தனை லாரிகள், எத்தனை பட்டறைகள்! அங்கே வேலை கற்கிற பையனுக்கு டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பது ஓர் ஓசை, அவ்வளவுதான். பகிர்பெட்டி என்று கேட்டால் திறந்து பார்ப்பதற்கு முன்பே பாதி விஷயம் தெரிந்துவிடும். என் தம்பிக்கு அப்படித்தான் தெரிந்தது, நான் விளக்கவே இல்லை, “முன்னாடிக்கும் பின்னாடிக்கும் பிரிக்கறதா அண்ணா?” என்று அவனே கேட்டான்.

வீட்டில் இறக்க நினைப்பவர்கள் தனிமடலில் கேட்டிருந்தீர்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். வண்டியை ஜாக்கியில் நிறுத்திவிட்டு அடியில் போகாதீர்கள், சேஸிஸுக்குக் கீழே ஸ்டாண்ட் அல்லது கனமான மரக்கட்டை கட்டாயம். ப்ரொபெல்லர் சாஃப்ட் கழற்றும் முன், அது பூட்டியிருக்கும் இடத்தில் இரண்டு ஃப்ளாஞ்சிலும் (இணைப்புத் தட்டு) பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள், திரும்ப அதே இடத்தில் பூட்டினால்தான் அதிர்வு வராது. ஸ்பீடோமீட்டர் கேபிள் இந்தப் பெட்டியிலிருந்துதான் போகிறது, மறந்து இழுத்தால் அறும். கிராஸ் மெம்பரை, அதாவது பெட்டிகளைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை, எடுப்பதற்கு முன் எஞ்சினுக்கு அடியில் பலகை வைத்து முட்டுக் கொடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், இரண்டு பெட்டியையும் சேர்த்துப் பின்னால் இழுக்கும்போது அவற்றின் முழு எடையும் கியர் பாக்ஸின் இன்புட் சாஃப்ட்டில் தொங்கக்கூடாது, கிளட்ச் பிளேட் வளைந்துவிடும். நாங்கள் மூன்று சில்வர் ஓக் கம்பங்களை முக்காலியாகக் கட்டி, முன் சீட்டையும் தரைத் தகட்டையும் எடுத்துவிட்டு, செயின் பிளாக்கால் (சங்கிலிக் கப்பி) தாங்கிப் பிடித்தபடி அங்குலம் அங்குலமாக நகர்த்தினோம்.

பேரிங்கும் சீலும் நாளை கீழேயிருந்து வருகின்றன. திரும்பப் பூட்டும்போது உள்ளே இருக்கும் ஒவ்வொன்றையும் படம் எடுத்துத் தமிழ்ப் பெயருடன் இங்கே போடுகிறேன். இடைப் பற்சக்கரத்துக்கும், கியர் விழும்போது வேகத்தை ஒத்துப்போக வைக்கும் சிங்க்ரோனைசர் வளையத்துக்கும் இன்னும் சொல் கிடைக்கவில்லை. பட்டறைப் பக்கம் பழக்கமுள்ளவர்கள் யாராவது எழுதுங்கள்.