ஆன்டிமனி சல்பைடு ஃபிலிம் கண்ணாடியில் ஒட்டாமல் உதிர்கிறது, உதவுங்கள்

கேள்வி:
எம்.எஸ்சி. புராஜெக்டுக்காக, சோலார் செல்லில் ஒளியை உறிஞ்சும் அடுக்கு போட்டுக்கொண்டிருக்கிறேன். முறை கெமிக்கல் பாத், அதாவது கரைசலில் ஸ்லைடை முக்கி வைத்து அதன் மேல் ஃபிலிம் வளர்ப்பது. 650 மி.கி. ஆன்டிமனி டிரைகுளோரைடை 2.5 மி.லி. அசிட்டோனில் கரைத்து, தண்ணீர் விட்டு, பிறகு 1 மோலார் சோடியம் தயோசல்பேட் 25 மி.லி. சேர்க்கிறேன், மொத்தம் 100 மி.லி. லேபில் ஏசி கிடையாது. கொஞ்ச நேரத்திலேயே பீக்கர் முழுக்க ஆரஞ்சாகிவிடுகிறது, ஸ்லைடில் படிந்தது விரல் பட்டாலே வந்துவிடுகிறது. தப்பிய ஸ்லைடுகளை மஃபிள் ஃபர்னஸில் 300 டிகிரியில் வைத்தேன். கறுக்க வேண்டியது வெளுத்துவிட்டது. எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ் கதிரால் படிகத்தை அடையாளம் காணும் சோதனை) பெரிய பீக் 27.7 டிகிரியில். ரெசிபியே தப்பா?

பதில் 1:
அளவு சரிதான் தம்பி, சூடுதான் பிரச்சினை. தயோசல்பேட் நிதானமாகச் சிதைந்து சல்பைடைக் கொடுக்க வேண்டும். நம்ம ஊர் வெயிலில் அது அவசரப்படுகிறது. கண்ணாடி மேல் வளர வேண்டியது கரைசலுக்குள்ளேயே துகளாகிவிடுகிறது. தண்ணீரையும் தயோசல்பேட்டையும் ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரவிட்டுக் கலந்து, பீக்கரை ஐஸுக்குள் வைத்து 10 டிகிரிக்குக் கீழேயே சில மணி நேரம் விடுங்கள். ஸ்லைடை பீக்கர் சுவரில் சாய்த்து வையுங்கள். கீழ்ப்பக்கம் பார்த்த முகத்தில் வளர்வதுதான் நல்ல ஃபிலிம். மேல் முகத்தில் துகள் விழுந்து படியும், அதைத் துடைத்துவிடலாம்.

பதில் 2:
தண்ணீர் விட்டதும் பால் மாதிரி வெள்ளையாகத் திரிகிறதா?

கேள்வி கேட்டவர்:
ஆமாம் சார், லேசாக. கலக்கினால் போய்விடும் என்று விட்டுவிட்டேன்.

பதில் 2:
அது ஆக்சிகுளோரைடு. டிரைகுளோரைடு தண்ணீரை நேராகப் பார்த்தால் அப்படித்தான் ஆகும். முதலில் தயோசல்பேட்டை விடுங்கள், அது ஆன்டிமனியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தண்ணீர் அப்புறம். பாட்டில் பழசா என்றும் பாருங்கள், ஈரம் இழுத்திருந்தால் எடை போட்டதே பொய்.

27.7 உங்கள் சல்பைடு இல்லை, செனார்மோன்டைட் எனும் ஆன்டிமனி ஆக்சைடு. மஃபிளில் காற்று இருக்கிறதே! டியூப் ஃபர்னஸில் நைட்ரஜனோ ஆர்கானோ ஓடவிட்டு 300 டிகிரியில் அனீல் செய்யுங்கள், அதாவது சூட்டில் வைத்துப் படிகமாக்குங்கள். ஆரஞ்சு அடர்பழுப்பாகி, 17.5, 25, 29.2 டிகிரிகளில் பீக் வந்தால் அது ஸ்டிப்னைட், அதாவது படிகமான ஆன்டிமனி சல்பைடு. பேண்ட் கேப்பும் (ஒளியை உறிஞ்சத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) 2.2 எலக்ட்ரான் வோல்ட் பக்கத்திலிருந்து 1.7-க்கு இறங்கும். சூட்டை ரொம்ப ஏற்றினால் சல்பர் பறந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
டியூப் ஃபர்னஸ் பக்கத்து டிபார்ட்மென்டில் இருக்கிறது, கேட்டுப் பார்க்கிறேன். சாதாரண ஸ்லைடு போதுமா?

பதில் 1:
பழகிக்கொள்ளப் போதும். செல் என்று போகும்போது எஃப்டிஓ கண்ணாடியும் (மின்சாரம் கடத்தும் பூச்சுள்ளது), அதன் மேல் டைட்டானியம் டைஆக்சைடு அல்லது காட்மியம் சல்பைடு அடுக்கும் வேண்டும். இன்னொன்று: மிச்சக் கரைசலில் ஆசிட் எதுவும் ஊற்றிவிடாதீர்கள், விஷ வாயு வரும். தனிக் கேனில் சேர்த்துக் கொடுங்கள்.