எட்வர்ட் டெர்ரியின் இரண்டு பயணக்குறிப்புகளில் எதை நம்புவது?

கேள்வி:
நண்பர்களுக்கு வணக்கம். ஜஹாங்கீர் காலத்து ஐரோப்பியப் பயணிகளைப் பற்றிப் படித்துவருகிறேன். ஆங்கிலத் தூதர் சர் தாமஸ் ரோவிடம் குருவானவராக இருந்த எட்வர்ட் டெர்ரியின் பயணக்குறிப்பு, 1625-இல் சாமுவேல் பர்ச்சாஸ் வெளியிட்ட பயணக்குறிப்புத் தொகுப்பில் ஒரு வடிவிலும், 1655-இல் தனிநூலாக வேறொரு வடிவிலும் அச்சாகியுள்ளது. பின்னது மிகப் பெரியது. பிரசங்கங்கள் அடிக்கடி குறுக்கிடுகின்றன. இவற்றில் எதைச் சான்றாகக் கொள்ளலாம்? அவருடைய வாழ்க்கையையும் அறிந்தோர் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
1590-இல் கென்ட் மாவட்டத்தில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் பயின்ற டெர்ரி, 1616-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலில் குருவானவராகப் புறப்பட்டார். அதே ஆண்டு ரோவின் குருவானவர் ஜான் ஹால் இறந்துவிடவே, அந்த இடத்துக்கு இவர் அழைக்கப்பட்டு, 1617-இன் தொடக்கத்தில் ரோவைச் சென்றடைந்தார். 1619-இல் நாடு திரும்பி, 1622-இல் தம் குறிப்பைக் கையெழுத்துப் படியாக இளவரசர் சார்லஸுக்கு அளித்தார். 1629 முதல் 1660-இல் இறக்கும்வரை மிடில்செக்ஸில் உள்ள கிரேட் கிரீன்ஃபோர்டு தேவாலயத்தின் குருவாகவே இருந்தார். உள்நாட்டுப் போர் மூண்டதும், மன்னராகியிருந்த அந்தச் சார்லஸ் தலை வெட்டுண்டதும், குடியரசு வந்து மறைந்ததும் அவர் அங்கே இருந்த காலத்தில்தான். அவர் நாடு திரும்பி முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்த பிறகே 1655 நூல் வந்தது; நினைவு மங்குவதற்கு அது போதும். ஆகவே 1625-ஆம் ஆண்டு வடிவமே என் தேர்வு.

மறுமொழி 2:
முந்தைய நண்பரின் எச்சரிக்கை நியாயமானதே. ஆனால் 1655 நூலை ஒதுக்கினால் தாமஸ் கோரியட்டை இழந்துவிடுவோம். பெரும்பாலும் கால்நடையாகவே இந்தியாவை அடைந்த அந்த விசித்திரமான பயணி, மத்திய இந்தியாவின் மாண்டு நகரில் டெர்ரியின் அறையில் உடன் தங்கினார். தூதர் வீட்டுச் சலவைப் பெண் ஒருத்தி பொழுது விடிந்ததிலிருந்து அடையும்வரை ஏசித் தீர்ப்பவளாம். கோரியட் ஒருநாள் அவள் மொழியிலேயே வாதாடி, காலை எட்டு மணிக்குள் அவளை வாயடைக்கச் செய்தாராம். இத்தகைய காட்சியை உடன் வாழ்ந்தவர்தான் எழுத முடியும். தாம் எங்கோ இறந்து, தமக்கு என்ன ஆயிற்று என்பதே நண்பர்களுக்குத் தெரியாமல் போய்விடுமோ என்று கோரியட் அஞ்சியதையும் டெர்ரி பதிவு செய்திருக்கிறார். கோரியட் 1617 டிசம்பரில் சூரத்தில் இறந்தார்.

பிரசங்கப் பகுதிகளையும் தள்ளிவிட வேண்டாம். கிறிஸ்தவர்கள் குடிக்கிறார்கள், அடிக்கிறார்கள், தீங்கு செய்கிறார்கள், ஆகையால் அவர்களுடையது பிசாசின் மதம் என்று இந்தியர்கள் அரைகுறை ஆங்கிலத்தில் கூறியதை, தம் நாட்டினர் வெட்கப்பட வேண்டும் என்பதற்காகவே டெர்ரி எழுதிவைத்தார். கம்பெனியாரின் முன்பே 1649-இல் பிரசங்கம் செய்தவர் இப்படி எழுதியது எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. முகலாய அரசவைச் செய்திகளுக்கு 1625 வடிவத்தையும், கோரியட்டுக்கும் சூரத்து ஆங்கிலேயரின் நடத்தைக்கும் 1655 நூலையும், ஆண்டைக் குறிப்பிட்டே மேற்கோள் காட்டுகிறேன்.