மறுமொழி: தானே நிற்கும் கோப்புக்கு ஒரு சொல் – ‘நில்கோப்பு’

அன்புடையீர், வணக்கம்.

மேசையில் வேறெதன் துணையுமின்றித் தானே நிற்கும்படி அமைக்கப்படும் கோப்பு, உறை, கொப்பி ஆகியவற்றுக்குச் ‘சுயநிலைக் கோப்பு’ என்ற சொல்லைச் சென்ற மடலில் நண்பர் ஒருவர் முன்வைத்திருந்தார். அச்சொல் எனக்கு உடன்பாடில்லை. ‘சுயநிலை’ என்றதும் ஒரு பொருளின் இயல்பு நிலையோ தன்னாட்சியோ மனத்தில் எழுமே தவிர, அடி ஊன்றி நிற்கும் ஒரு கோப்பு எழாது. கொழும்பில் காகிதாதிகளின் பொதிகளில் மும்மொழிப் பெயர்களை எழுதும் வேலையில் இருப்பவன் நான். புறக்கோட்டைக் கடையொன்றின் தட்டில் பெயரைப் படிக்கும் ஒருவர், பொதியைப் பிரிக்காமலே உள்ளே இருப்பது என்னவென்று அறிய வேண்டும் என்பதே என் அளவுகோல்.

சொல்லைத் தேடுமுன் பொருளைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1886 இல் ஜேர்மனியின் பொன் நகரில் பிரீட்ரிக் சோனெக்கன் தாள் துளைக்கும் கருவியையும், துளையிட்ட தாள்களை வளையங்களில் கோத்து வைக்கும் கோப்பையும் உருவாக்கினார். 1896 இல் ஸ்ருட்காட் நகரின் லூயிஸ் லைட்ஸ் அதற்கு நெம்புகோலைச் சேர்த்தார். இன்று நாம் ‘பொக்ஸ் பைல்’ என்று கேட்டு வாங்குவது அதன் வழிவந்ததுதான். அது தானே நிற்பதில் வியப்பில்லை. ஏறத்தாழ 70 முதல் 80 மில்லிமீற்றர் வரை அகன்ற முதுகு அதற்கு அடியாக அமைகிறது. முன்மட்டையிலுள்ள வெட்டுத்துளைகளில் வளையங்களின் தலைகள் நுழைந்து பூட்டிக்கொள்வதால் மட்டை வாய்பிளப்பதும் இல்லை.

சிக்கல் மெல்லிய கோப்பில்தான் தொடங்குகிறது. சதுர மீற்றருக்கு 80 கிராம் நிறையுள்ள ஏ4 தாள் ஒன்று 5 கிராம் இருக்கும். தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். இருபது தாள்களைச் சேர்த்தால் அடியின் அகலம் 2 மில்லிமீற்றர், உயரமோ 297 மில்லிமீற்றர். புவியீர்ப்பு மையம் ஏறத்தாழ 148 மில்லிமீற்றர் உயரத்தில் இருப்பதால், அரைப் பாகை சரிந்தாலே அதனூடாகச் செல்லும் நிலைக்குத்துக்கோடு அடிக்கு வெளியே போய்விடும்; கோப்பு விழும். போதாதற்குத் தாள்கள் தம் நிறையைத் தாமே தாங்காமல் நடுவில் வளைந்து சரிகின்றன. ஆகவே இத்தகைய கோப்பை நிற்கவைக்க விரும்பும் வடிவமைப்பாளர் இரண்டு வேலைகளைச் செய்தாக வேண்டும்: அடியை அகலமாக்க வேண்டும், தாளுக்கு விறைப்பு ஊட்ட வேண்டும். விசிறிபோல் மடிந்து விரியும் அடியுள்ள உறைகள் முதல் வேலையைச் செய்கின்றன. மூடியிருக்கும்போது ஒடுங்கியும் திறக்கும்போது அகன்றும் இருப்பதால் பையிலும் அடங்குகின்றன, மேசையிலும் நிற்கின்றன. இரண்டாவது வேலைக்கு மட்டையையே சற்று வளைத்துவிடும் உத்தி எனக்கு மிகவும் பிடித்தது. தட்டையான தாள் துவண்டுவிடும். அதையே நெடுக்குவாட்டில் சிறிது வளைத்துப் பிடித்தால் விறைத்து நிற்கும். ஒரு தாளைக் கையில் எடுத்து எவரும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். வளைந்த மட்டை ஒரே நேரத்தில் அடியையும் அகலமாக்குகிறது என்பது அந்த உத்தியின் கூடுதல் அழகு.

இதுவரை சொன்னவை யாவும் மூடிய நிலையில், அல்லது வாய் மட்டும் திறந்த நிலையில், நிமிர்ந்து நிற்பவை. இன்னொரு குடும்பம் முற்றிலும் வேறானது. அதில் கோப்பை விரித்து, மட்டையைக் குறுக்குக் கோட்டில் பின்புறம் மடித்து, முக்கோணமாக நிறுத்துகிறோம். தாள் நம்மை நோக்கிச் சரிந்து நிற்கிறது; படிக்கிறோம், பார்த்துத் தட்டச்சு செய்கிறோம், வாடிக்கையாளருக்குப் புரட்டிக் காட்டுகிறோம். மேசை நாட்காட்டியின் மட்டை நிற்பதும் இதே முறையில்தான். 2011 இல் ஐபேட் கருவிக்கு வந்த, பட்டைகளாக மடிந்து முக்கோணமாகும் மூடி இந்த முறையை உலகெங்கும் பரப்பியது. கொப்பிகளின் அட்டைகளிலும் அத்தகைய மடிப்புகளை இன்று காணலாம். இங்கே எதிரி அடியின் ஒடுக்கம் அன்று, கால்களின் வழுக்கல். மேசை வழவழப்பாக இருந்தால் இரண்டு கால்களும் எதிரெதிர்த் திசையில் விலகி முக்கோணம் தட்டையாகிவிடும். அதனால்தான் நல்ல வடிவமைப்புகளில் இரண்டு கால்களையும் அடியில் இணைக்கும் ஒரு நாக்கோ காந்தமோ நாடாவோ இருக்கிறது. வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியதும் அதுதான் என்பேன்.

இரு குடும்பங்களுக்கும் பொதுவானது ஒன்றுண்டு: தாங்கி வெளியே இல்லை, பொருளின் உடலிலேயே இருக்கிறது. வியாசபீடம் நூலைத் தாங்குகிறது. ஆனால் அது நூலுக்குப் புறம்பானது. சஞ்சிகைகளை அடுக்கும் பெட்டியும் அவ்வாறே. இவற்றை நம் சொல் உள்ளடக்கக் கூடாது. ‘ஸ்டான்ட் பைல்’ என்ற கடைவழக்கை அப்படியே ஏற்க நான் தயங்குவதற்கும் இதுவே காரணம். அப்படிக் கேட்பவர் முன் சஞ்சிகைப் பெட்டியும் வந்து சேரக்கூடும்.

‘நிலைக்கோப்பு’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். நிலைக்கண்ணாடி, நிலைக்குத்து என்று நாம் அன்றாடம் வழங்கும் சொற்களில் ‘நிலை’ நிற்றலையே குறிக்கிறது. ஆகவே அது பொருந்தாத சொல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அலுவலகச் சூழலில் ‘நிலைக்கோப்பு’ என்றால் நிரந்தரமாகப் பேணப்படும் கோப்பு என்றே எவரும் எடுத்துக்கொள்வர். அரச அலுவலகங்களில் புழங்கவேண்டிய ஒரு சொல்லுக்கு இந்த மயக்கம் பெரிய குறை. ‘தற்றாங்கு கோப்பு’ என்ற மூன்றாவது முன்மொழிவு பொருளில் மிகத் துல்லியமானது; தன்னைத் தானே தாங்குவது என்பதை அது சரியாகச் சொல்கிறது. எனினும் புணர்ச்சியைப் பிரித்துப் பார்த்த பின்பே விளங்கும் ஒரு சொல்லைப் பொதியில் அச்சிட எனக்கு மனம் வரவில்லை.

என் முன்மொழிவு ‘நில்கோப்பு’. இது வினைத்தொகை, நின்ற, நிற்கின்ற, நிற்கும் என்ற மூன்று காலத்தையும் அடக்கியது. ‘நிற்கோப்பு’ என்று திரிய வேண்டாமா என்ற கேள்வி எழும். கொல்களிறு, வெல்போர் என்பவற்றில் லகரம் திரியாமல் நிற்பதுபோல இங்கும் நிற்கலாம். திரிந்தால் வினை எதுவென்று கண்ணுக்குத் தெரியாமல் போகும். ‘தானே’ என்பதைச் சொல்லில் தனியாகச் சேர்க்கத் தேவையில்லை. நிறுத்தப்படுவது வேறு, நிற்பது வேறு. தன்வினையே அந்தப் பொருளைத் தந்துவிடுகிறது.

இதன் கீழ் இரண்டு கிளைச்சொற்கள் வேண்டும். நிமிர்ந்து நிற்கும் முதற்குடும்பத்துக்கு ‘நிமிர்கோப்பு’. முக்கோணமாகச் சரிந்து நிற்கும் இரண்டாவது குடும்பத்துக்குச் ‘சாய்கோப்பு’. பின்னதற்கு ஒரு மறுப்பு வரும் என்பதை அறிவேன்: சாய்தல் என்பதற்கு விழுதல் என்ற பொருளும் உண்டே, விழுந்துவிடும் கோப்பு என்று எண்ண மாட்டார்களா? ஆனால் சாய்மனைக் கதிரையை விழும் கதிரை என்று எவரும் எண்ணுவதில்லை. பாடசாலை விஞ்ஞானத்தில் சாய்தளம் படித்த மாணவருக்கும் அந்த ஐயம் வராது. ‘கூடாரக் கோப்பு’ என்ற மாற்று அழகானதுதான். ஆயினும் பின்னால் ஒற்றை முட்டு மட்டும் வைத்து நிற்கும் வகைகளுக்கு அது பொருந்தாது. வடிவத்தின் பெயரால் அழைத்தால் அடுத்த புதிய வடிவம் வந்ததும் சொல் காலாவதியாகிவிடும். நிற்கும் முறையின் பெயரால் அழைத்தால் அது நிலைக்கும்.

தலைமைச்சொல் ‘கோப்பு’ என்றிருக்க வேண்டுமா, ‘கோவை’ என்றிருக்க வேண்டுமா என்பதையும் இங்கே தீர்த்துக்கொள்வது நல்லது. இலங்கை அலுவலகங்களில் சுயவிபரக் கோவை என்கிறோம். தாபன விதிக்கோவை என்கிறோம். இரண்டிலும் நாம் குறிப்பது உள்ளே தொகுக்கப்பட்ட ஆவணங்களையும் விதிகளையும்தான், அவற்றைச் சுற்றியுள்ள மட்டையை அன்று. நிற்பது மட்டை, ஆகவே கொள்கலத்துக்குக் ‘கோப்பு’ என்றே வைப்போம். இரண்டு சொற்களும் ‘கோ’ என்ற ஒரே வினையிலிருந்து வந்தவை. சர்வதேச நியமமான ஐஎஸ்ஓ 838, தாளின் ஓரத்திலிருந்து 12 மில்லிமீற்றர் தள்ளி, ஒன்றுக்கொன்று 80 மில்லிமீற்றர் இடைவெளியில் துளைகளை இடச் சொல்கிறது. அந்தத் துளைகளில் வளையம் நுழைவது மெய்யாகவே கோத்தல்தான். துளையே இல்லாத, மடித்த உறைகளுக்குக் ‘கோப்பு’ பொருந்தாது என்பதால், அவற்றை ‘நில்லுறை’ என்று பிரித்து வழங்கலாம்.

இனி எஞ்சியிருப்பது எழுதும் கொப்பி. நம் ஊரில் ‘நில்கொப்பி’ என்றால் பாடசாலைப் பிள்ளைக்கும் விளங்கும். ஆனால் ‘நில்கோப்பு’ என்பதன் பக்கத்தில் அச்சிட்டால் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு என்ற வேறுபாடும் ஓர் ஈற்றுயிருமே இரண்டையும் பிரிக்கும். சிறிய எழுத்தில் அச்சாகும் பொதியில் இது தடுமாற்றத்தைத் தரும். தமிழ்நாட்டு நண்பர்களுக்குக் ‘கொப்பி’ பழக்கமில்லாத சொல் என்பதும் உண்டு. எனவே ‘நில்லேடு’ என்பதை முன்வைக்கிறேன். நில், ஏடு என்பன சேரும்போது லகரம் இரட்டிக்கும், ஒலிப்பும் எளிது. கொப்பி என்ற சொல்லைக் கைவிட மனமில்லாதவர்கள் இவ்விரண்டில் எது பொதிக்கு ஏற்றது என்று காரணத்துடன் எழுதினால், மூன்று எழுத்தளவுகளில் மாதிரிப் பெயர்ச்சீட்டு அச்சிட்டு, அடுத்த மடலில் ஒப்பிட்டுக் காட்டுகிறேன்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து ஓர் உறுப்பினர்